ஒரு வண்டிக் கல்பாசும் ஒன்றரை மணி ராகு காலமும்

அந்த ஆடி வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு நான் காவிரிப் படித்துறையின் கீழ்ப்படியில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையைக் காதோடு அணைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பையின் பேச்சு புரிகிற காது இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

மீன்குஞ்சை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகும்போது பையில் கால் பங்கு தண்ணீர் விட்டு, மீதிக்கு ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்குவோம். குஞ்சுகள் சுகமாக இருந்தால் பை ஊமை. காற்று குறைந்தால் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். சோறு வெந்து தண்ணீர் வற்றும் நேரத்தில் பானைக்குள் கேட்குமே, அந்த மாதிரி பொட்டுப் பொட்டென்று ஒரு சத்தம் வரும்.

"என்ன சொல்லுது ஐயா?" என்று கேட்டார் தர்ஷினி மேடம். மீன்வளத் துறை ஆய்வாளர். வேலையில் சேர்ந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. இன்னும் நிரந்தரம் ஆகாதவர்.

"அரை மணி தாங்கும்னு சொல்லுது மேடம். அதுக்கு மேல நம்ம கையில இல்ல."

மேடம் திரும்பிப் பந்தலைப் பார்த்தார். மீன்களை ஆற்றில் விடுவதற்காக வந்திருந்த தலைவர் அங்கே வெண்பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது மணி விழாவுக்குப் பத்து நாற்பதுக்கு வந்து இறங்கினார். இறங்கியதும் அவருடைய உதவியாளர் சபாபதி கையைத் தூக்கி அறிவித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னண்டு ராகு காலம். தலைவர் ராகு காலத்துல நல்ல காரியம் எதையும் தொட மாட்டாரு. பன்னண்டு அடிச்சதும் மீன் விடறோம்."

பொங்கலுக்கு ராகு காலம் கிடையாது போலிருக்கிறது.

தலைவர் யார், எந்தக் கட்சி என்று கேட்டுப் பத்திரிகை ஆபீசுக்கு யாரும் கடிதம் போட வேண்டாம். சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். பசி மட்டும் கொஞ்சம் அதிகம்.

சத்தமாகப் படிக்கச் சொன்ன வார்த்தை

நான் பிறந்தது பேராவூரணியிலிருந்து கிழக்கே போனால் வருகிற கடற்கரையில். அப்பா, சித்தப்பா, மாமன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கோ கரை கண்ணிலிருந்து மறையும் முன்பே குடல் வாய்க்கு வந்துவிடும். பல தடவை ஏற்றிப் பார்த்தார்கள், பல தடவையும் பாதியில் திருப்பிக்கொண்டு வந்தார்கள். "இவன் மீன் பிடிக்க ஆவமாட்டான். மீனுக்கு எரை போடத்தான் லாயக்கு" என்றார் சித்தப்பா.

அவர் வாக்கு பலித்தது. மீனுக்கு இரை போட்டே ஆளானவன் நான்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்காமல் போனது. பூதலூர்ப் பக்கம் வந்து ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் தொட்டி கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். கழுவிக்கொண்டே பார்த்தேன், பார்த்துக்கொண்டே படித்தேன். இன்று சொந்தமாக ஏழு குளம். குளத்துத் தண்ணீரை நாக்கில் வைத்தே சுண்ணாம்பு போட வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லிவிடுவேன். அதையே ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒரு வாரம் ஆகும். பதிலும் அதேதான் வரும்.

அறுபது வயது தாண்டிய பிறகு துறையிலிருந்தே ஆள் தேடி வந்தார்கள். வருடத்தில் பாதி வேலை, பாதி வீடு. உத்தரவுக் கடிதத்தில் 'பருவகாலத் தொழில்நுட்பப் பணியாளர்' என்று போட்டிருந்தது. மருமகளை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். 'பருவகால' என்பதை மெதுவாகவும், 'தொழில்நுட்ப' என்பதைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரியும் படிக்கச் சொன்னேன்.

ஆடியில் தண்ணீர் வந்ததிலிருந்து கார்த்திகை வரை மீன் வேலை. மார்கழியிலும் தையிலும் வனத்துறைக்குப் பறவை எண்ணும் வேலை.

பறவை எண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டணத்திலிருந்து தொப்பி போட்ட பிள்ளைகள் பைனாகுலரோடு வருவார்கள். ஏரியில் நாரைக் கூட்டம் இறங்கியதும் செல்போனில் ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். களத்தில் குவித்த நெல்லைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை மூட்டை தேறும் என்று சொல்கிற சீமை இது. நான் அதே கண்ணால் கூட்டத்தைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வேன். அவர்கள் தட்டி முடிப்பதற்குள் நாரையெல்லாம் பறந்து போயிருக்கும். என் எண் அங்கேயே உட்கார்ந்திருக்கும். கடைசியில் அதைத்தான் போட்டுக்கொள்வார்கள். கேட்டால், சராசரி என்பார்கள்.

கல்பாசுக்கு வருகிறேன். அது இந்த ஆற்றில் இருந்த கறுப்புக் கெண்டை. மணலை அள்ளினோம், வெடி போட்டோம், அது போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதி அனுமதி வாங்கியவர் தர்ஷினி மேடம். தாய்மீனுக்கு ஊசி போட்டு, முட்டை பொரிய வைத்து, குஞ்சுகளை விரல் நீளத்துக்கு வளர்த்தது இந்தக் கை. இரண்டு வருடம் முட்டை அழுகிப் போய், மூன்றாம் வருடம் பிழைத்தவை அவை. மொத்தம் இருபத்து நான்கு பை. இவை செத்தால் வேறு குஞ்சு இல்லை. கேமராக்களுக்கு முன்னால் மிதந்தாலோ, தலைவர் காரில் ஏறிப் போய்விடுவார். பதில் சொல்ல வேண்டியவர் மேடம்.

லஸ்கர் என் ஆள்

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தலைவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒன்பதரை இருக்கும், சபாபதி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்துறைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே நாலைந்து படி பாசியோடு பல்லிளித்தன.

"தலைவருக்கு முட்டி வலிங்க. இவ்வளவு கீழ எறங்க மாட்டாரு. தண்ணி கொஞ்சம் மேல வராதா?"

வேறொருவராக இருந்தால், ஆறு என்ன லிப்டா என்று கேட்டிருப்பார். எனக்குச் செல்வாக்கு இருந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்கென்ன சார்? மேல மதகுல லஸ்கர் முருகையன் நம்ம ஆளு. ஷட்டர ஏத்தறதும் எறக்கறதும் அவன்தான். ஒரு போன் போட்டா தண்ணி ரெண்டு படி ஏறும்."

போட்டேன். நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"முருகையா, ரெண்டு சுத்து சுத்தி விடுப்பா."

"இன்னிக்கு நம்ம ஆத்துக்குத் தண்ணி முறை இல்லண்ணே."

"தலைவர் வர்றாருப்பா."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன."

படித்துறையில் ஆடி வெள்ளிக்குக் குளிக்க வந்த பெண்கள் மஞ்சள் பூசிக்கொண்டும் விளக்கேற்றிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி செல்லம். எங்கள் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துக் குறுவை சாகுபடி செய்கிறவள். வாயில் வைத்த மஞ்சள் கொம்பைக்கூட எடுக்காமல் கேட்டாள்.

"ஏன் ரத்தினண்ணே, எங்க நாத்தங்கால் ஒரு வாரமா வெடிச்சுக் கெடக்கு. மனு குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு. தலைவரு முட்டிக்குன்னா மட்டும் தண்ணி வருமோ?"

"ஒன் நாத்துக்கு முட்டி இல்லையே செல்லம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதில் நின்றது. போன் போட்டது மறந்து போனது. மதகு தூரத்தில் இருக்கிறது. தண்ணீர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

மண்டபத்துக்கு வரலாம், தாலி கட்டக் கூடாது

இப்போது மறுபடியும் பத்தே முக்கால். பையைக் காதிலிருந்து எடுத்தேன்.

"மேடம், ஹாப்பாவக் கட்டிடுவோம்" என்றேன். ஹாப்பா என்பது ஒன்றுமில்லை, தலைகீழாகக் கட்டிய கொசுவலை. நாலு மூங்கில் கழியை ஊன்றி, மேலே திறப்பு இருக்கிற மாதிரி கட்டினால் ஆற்றுக்குள்ளேயே ஒரு தொட்டி. ஓடுகிற தண்ணீர் உள்ளே வந்து போகும், மீன் போகாது.

கட்டிக்கொண்டிருக்கும்போதே சபாபதி பந்தலிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன பண்றீங்க? தலைவர் கை படாம மீன் ஆத்தத் தொடக் கூடாது!"

"சார், கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ள மொத நாளே மண்டபத்துக்கு வந்துடறாங்களா இல்லையா?"

"வருவாங்க."

"தாலி?"

"முகூர்த்தத்துலதான்."

"இதுவும் மண்டபந்தான் சார். நாலு பக்கமும் வலை. பன்னண்டு மணிக்கு இதுலேருந்து ரெண்டு பைக்கு அள்ளித் தர்றோம். தலைவர் விடட்டும். ஒடனே வலையையும் அவுத்துடறோம். அதுதான் தாலி."

சபாபதி யோசித்தார். "ராகு காலத்துல மண்டபத்துக்குள்ள நொழையலாமா?"

"நொழையறது மீனு சார். அதுக்கு நாங்க ஜாதகம் எழுதல."

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பையைத் திறந்து கொட்டக் கூடாது. ஆற்றுத் தண்ணீரைக் கை கையாகப் பைக்குள் விட்டு, சூடும் குளிர்ச்சியும் சமமான பிறகு சாய்த்தால் குஞ்சு தானே வெளியே வரும். இருபத்து நான்கு பையையும் அப்படித்தான் சாய்த்தோம். கடைசிப் பைகளில் பல குஞ்சுகள் ஒருக்களித்துக் கிடந்தன. மேடம் அவற்றை உள்ளங்கையில் ஏந்தி ஓட்டத்துக்கு எதிரே பிடித்தார். செவுளுக்குள் தண்ணீர் புகப் புக ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. சில நிமிரவில்லை.

வலையின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நின்றது. முடிச்சு போட்டது நான். என் முடிச்சு அவிழ்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

தண்ணீர் வந்தது

பதினொன்றரை மணிக்குப் பந்தல் ஓரம் நிருபர்களுக்கு என் நாக்கின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் செல்லம் கீழேயிருந்து கத்தினாள்.

"அண்ணே! தண்ணி ஏறுது!"

முதலில் சருகு வந்தது. பிறகு நுரை, பேப்பர் கப், பழைய மாலை. பின்னாலேயே கலங்கல் தண்ணீர் படி படியாக ஏறியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா? ஒரு போனு!" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

நாலு கழியும் நின்றன. நடுவில் வலையைக் காணவில்லை. இருந்தது, தண்ணீருக்கு அடியில் ஒரு முழத்தில். நாலு முடிச்சும் அப்படியே இருந்தன. திறந்திருந்த மேல்பக்கத்தின் மேலே ஆறு போய்க்கொண்டிருந்தது.

மேடம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் வலையைத் துழாவினார்.

"ஐயா, உள்ள ஒண்ணுகூட இல்ல."

"ஆமா மேடம்."

"எங்க போச்சு?"

"ஆத்துக்குத்தான் மேடம். வேற எங்க போகும்."

"தண்ணிய யாரு தொறந்து விட்டது?"

நான் வானத்தைப் பார்த்தேன். "இந்த மகராசன்தான் காலையில போன் போட்டாரு" என்றாள் செல்லம்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரத்தோடு படியில் உட்கார்ந்தார். துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"பாதி மயக்கத்துல இருந்துச்சே ஐயா. இந்த ஓட்டத்துக்குத் தாங்கியிருக்குமா?"

"தெரியல மேடம்."

என் வாழ்நாளில் நான் தெரியாது என்று சொன்னது அபூர்வம். பத்திரிகையில் ஏறட்டும்.

செல்லத்தின் நிபந்தனை

சபாபதிக்கு விஷயம் தெரிந்தபோது பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது. "பையில மீன் இல்லாம தலைவர் எத விடுவாரு? காத்தையா?" என்றார். அவர் கடிகாரத்தையும் பந்தலையும் மாறி மாறிப் பார்த்ததில் எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். பெண்கள் படியில் வைத்திருந்த படையலிலிருந்து ஊறவைத்த அரிசி தண்ணீரில் சிந்தியிருந்தது. அதற்குக் கெண்டைப்பொடி கூட்டமாக வந்து கொத்திக்கொண்டிருந்தது. அரை விரல் நீளத்தில் வெள்ளியாய் மின்னுகிற பொடிமீன். எந்த ஆற்றுப் படியிலும் உண்டு.

"செல்லம், ஒன் அரிசியக் கொஞ்சம் இப்படிக் குடு."

"எதுக்கு?"

"முங்கியிருக்கற வலைக்கு மேல போட்டா பொடிமீனு வந்து மொய்க்கும். நாலு முனையையும் தூக்கினா வலையில நிக்கும்."

செல்லம் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "குடுக்கறேன். மதகு எறங்கக் கூடாது. எங்க வாய்க்கால்ல தண்ணி ஏறணும். ஒங்க லஸ்கருட்ட இப்பவே சொல்லுங்க."

மறுபடியும் ஸ்பீக்கரில் போட்டேன்.

"முருகையா, ஷட்டர எறக்காத."

"எதுவரைக்கும்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம் குனிந்து போனுக்குள் சொன்னாள்: "தலைவரு முட்டி சரியாவற வரைக்கும்."

மேடம் எழுந்து வந்தார். "இது ஏமாத்து வேல ஐயா. நான் இதுல வாயத் தொறக்க மாட்டேன். ரிப்போர்ட்ல நடந்ததத்தான் எழுதுவேன்."

"எழுதுங்க மேடம். எழுத்து ஒங்களுது, வாய் என்னுது."

அரிசி விழுந்தது. நாலு பேர் நாலு முனையையும் ஒரே மூச்சில் தூக்கினோம். வலை முழுக்க மின்னியது. இரண்டு பை நிறைந்தது.

அடக்கமான வகை

பன்னிரண்டு அடித்ததும் தலைவர் வந்தார். தண்ணீர் ஏறியிருந்ததால் இரண்டே படி இறங்கினார். பையைக் கையில் வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"கல்பாசு கறுப்பா இருக்கும்னு சொன்னாங்களே?"

மேடம் ஆற்றைப் பார்த்தார். நான் முன்னால் வந்தேன்.

"கறுப்புக்கு இன்னும் நாளிருக்குங்க. இது காவிரி மீனுங்க ஐயா. அசல்."

"எவ்வளவு பெருசாகும்?"

"இது அடக்கமான வகைங்க. பெருசா ஆட்டம் போடாது."

"நல்ல கொணம்" என்றார். சபாபதி தலையசைத்தார்.

தலைவர் பேசினார். இந்த மீன்கள் இன்று முதல் காவிரியைத் தாய் என்று அழைக்கும் என்றார். மீன்கள் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருந்தன, அதனால் கோபித்துக்கொள்ளவில்லை. பையைச் சாய்த்தார். கேமராக்கள் சடசடத்தன. பொடிமீன்கள் ஒரு முழம் ஓடின. ஓடின வேகத்தில் திரும்பித் தலைவர் காலடிக்கே வந்து நின்றன. அங்கேதான் செல்லத்தின் மிச்ச அரிசி கிடந்தது.

"பாத்தீங்களா! என்ன விட்டுப் போக மனசில்ல அதுகளுக்கு!" என்றார் தலைவர். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பந்தலே கை தட்டியது. மேடம் மட்டும் தட்டவில்லை. இடுப்புவரை நனைந்த சுடிதாரோடு, ஓட்டம் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தடுப்பணையில்

ஆற்றில் செத்தது எதுவும் முதலில் அடிக்குப் போகும். மறுநாள்தான் மேலே வரும். எங்கள் படித்துறைக்குக் கீழே ஒரு தடுப்பணை உண்டு. மேலே வந்ததெல்லாம் அங்கே வந்து ஒதுங்கும்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சைக்கிளை எடுத்தேன். வீட்டில் வாக்கிங் என்று சொன்னேன். அங்கே போனால் மேடத்தின் ஸ்கூட்டி நிற்கிறது. மேடம் ஒரு குச்சியால் ஆகாயத்தாமரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைச்சுவரில் ஈரத்தோடு கறுப்பாகச் சில கிடந்தன.

"ஒன்பது" என்றார்.

நான் அந்தப் பக்கம் போய்த் தேடினேன். இன்னும் இரண்டு கிடைத்தன. கொண்டுவந்து அவற்றோடு வைத்தேன். வாயைத் திறந்தபடி கிடந்தன. மூன்று வருடத்து வேலை. இருபத்து நான்கு பைக்குப் பதினொன்று ஒன்றுமில்லை. ஆனால் பதினொன்று மேலே இருந்தால் அடியில் எத்தனை?

"ரிப்போர்ட் எழுதிட்டேன் ஐயா" என்றார். "பதினொன்றரை மணி வாக்குல தண்ணி ஏறி வலையத் தாண்டிப் போயிடுச்சுன்னு. தலைவர் விட்டது வேற மீனுன்னும் எழுதிட்டேன்."

"என் போனு?"

"அதுவும்."

"சரி" என்றேன்.

"ஒரு வரி மட்டும் பாக்கி. உயிரோட போச்சா இல்லையான்னு. அத விட்டு வெச்சிருக்கேன். அனுப்பிட்டா அடுத்த வருஷம் கல்பாசு உண்டா இல்லையாங்கறதே அந்த வரியிலதான் இருக்கு. நான் இருப்பனாங்கறதும்."

சுவரில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. மேலே வந்து ஒதுங்கியது ஒரு செருப்பும் இரண்டு தேங்காய் மட்டையும். பன்னிரண்டாவது வரவில்லை. ஆனாலும் அவர் பேனாவை எடுக்கவில்லை. வராததை வைத்து எப்படி எழுதுவது?

எதிர்க்கரையில் கருவேல மரத்துக் கிளையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அணைக்குக் கீழே, தெளிந்த பள்ளத்தில், கல்லாக விழுந்தது. மேலே வந்தபோது அலகில் ஏதோ துள்ளியது. கிளைக்குப் போய் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்தது.

கறுப்பு. விரல் நீளம்.

"ஐயோ!" என்று எழுந்தார் மேடம். "நம்ம கல்பாசு! அத வெரட்டுங்க ஐயா!"

நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"மேடம், மீன்கொத்தி செத்த மீனத் தொடாது."

அவர் என்னைப் பார்த்தார். பறவையைப் பார்த்தார். அது விழுங்கிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பள்ளத்தைப் பார்த்தது, மறுபடியும் விழுந்தது. மறுபடியும் கறுப்பு, மறுபடியும் துள்ளல்.

மேடம் கை தட்டினார். மீனை வளர்த்தவன் நான், மீனைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவர் அவர். இரண்டு பேரும் சுவர்மேல் ஏறி நின்று, மீன் தின்கிற குருவியைப் பார்த்து, இன்னொன்று எடு, இன்னொன்று எடு என்று கத்திக்கொண்டிருந்தோம்.